அவருக்காக வாங்கிய சைக்கிள்

மண் பாதையில் ஓட்டுகிற மவுன்டன் பைக் ஒன்று எனக்கு வேண்டும் என்று வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மல்லேஸ்வரத்துல மலைக்கு எங்க போவே?"

சட்னியைத் தொட்டுக்கொண்டு யோசித்துவிட்டு, "வேணும்னா கூடை வச்ச லேடீஸ் சைக்கிள் வாங்கிக்கோ. காய்கறி வாங்கிட்டு வர வசதியா இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு சைக்கிள் எதற்கு என்று யோசித்தால் அவருக்குக் கத்தரிக்காய்தான் ஞாபகம் வந்தது.

ஆசையைக் கிளப்பியவள் என் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருந்த சின்னப்பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஹெசரகட்டா ஏரிப்பக்கம் சைக்கிள் ஓட்டப் போவாள். திங்கட்கிழமை போனில் வீடியோ காட்டுவாள். சிவப்பு மண், குட்டை, குட்டைக்குள் சர்ரென்று இறங்கும் சக்கரம், அப்புறம் முகமெல்லாம் சேறாக அவள் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கணக்கு வேலை ஓடவில்லை.

ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சைக்கிள்களைப் பற்றியே படித்தேன். இருபதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்துப் பளபளவென்று நிற்கும் சைக்கிள்தான் கண்ணை இழுக்கும். அதைத் தொடவே கூடாது. கனம் அதிகம், மேடு ஏறும்போது பாதி பலத்தை அந்தப் பின் ஸ்பிரிங்கே தின்றுவிடும். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், அலுமினிய ஃப்ரேம், டிஸ்க் பிரேக், அகலமான டயர். எல்லாவற்றுக்கும் மேல், உடம்புக்குச் சரியான சைஸ். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். வாங்குவதற்கு ஒரு காரணம்தான் கிடைக்கவில்லை.

அந்தக் காரணத்தை டாக்டர் கொடுத்தார். கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. "நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம்" என்றார் டாக்டர். என் காதில் விழுந்தது மூன்றாவது மட்டும்தான்.

"டாக்டர் அவ்வளவு அழுத்திச் சொல்றார். உங்களுக்கு ஒரு சைக்கிள் வாங்கிடலாங்க" என்றேன், வீட்டுக்கு வரும் வழியிலேயே.

"அவர் நடக்கவும்தானே சொன்னார்?"

"உங்க முட்டிக்கு நடை ஆகாது. சாதா சைக்கிளும் ஆகாது, நம்ம ரோட்டுப் பள்ளத்துல முதுகு போயிடும். மவுன்டன் பைக்தான் சரி."

இன்சூரன்ஸ் ஆபீசில் இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்தவர், முதுகு என்றதும் அடங்கிவிட்டார். இரண்டு நாள் காபி நேரத்தில் அவருக்குப் பாடம் எடுத்தேன். கடையில் என்ன கேட்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எல்லாம். முதலில் கொட்டாவி விட்டார். அப்புறம் அவரே, "அலுமினியம்னா எவ்வளவு கனம் குறையும்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை பிரேசர் டவுனில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நான் எதிர்பார்த்தபடியே முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சிவப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சார், இது இப்ப நல்லா போகுது."

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பின்னாடி சஸ்பென்ஸ் வேண்டாம். முன்னாடி மட்டும் சஸ்பென்ஸ் இருந்தா போதும்."

நான் வாசல் பக்கம் திரும்பி, எதிர்ப் பேக்கரியின் போர்டை அக்கறையாகப் படித்தேன். கடைக்காரர் முகத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. "சரியாச் சொன்னீங்க சார்" என்று சிவப்பு சைக்கிளை உள்ளே தள்ளிவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தார். நான் படித்து வைத்திருந்தது அத்தனையும் அதில் இருந்தது. விலையும் கைக்குள் அடங்கியது. ஆனால் அது பெரிய சைஸ். சீட் என் இடுப்புக்கு மேல் நின்றது.

"சார் உயரத்துக்கு இதுதான் பொருத்தம்" என்றார் கடைக்காரர். சரியான பேச்சுதான். என் கணவர் ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு.

"இதுலயே சின்ன சைஸ் இருக்கா?" என்றேன். "கால் ரெண்டும் தரையில நல்லா ஊனணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எப்ப சொன்னார்?" என்றார் கணவர்.

"நீங்க பில் கட்டப் போனப்ப."

கடைக்காரர் சின்ன சைஸை எடுத்து வந்தார். என் கணவர் ஏறி உட்கார்ந்து சந்துக்குள் ஓட்டிப் போனார். முட்டிகள் இரண்டும் ஹேண்டில்பாரைத் தொட்டுத் தொட்டு வந்தன. அவர் தலை மறைந்ததும் கடைக்காரர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த டாக்டர் உங்க உயரமா மேடம்?"

எனக்குச் சிரிப்பை அடக்கவே சரியாக இருந்தது. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கணவர் திரும்பி வந்து, "பரவால்ல, நல்லாத்தான் ஓடுது. கொஞ்சம் குறுகலா இருக்கு" என்றதும் கடைக்காரரே முந்திக்கொண்டார்.

"பழகிடும் சார். மேடமும் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கட்டும். பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு வீட்டுல இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். கால் பெடலில் போய் அமர்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, இது என்னுடையதுதான் என்று. சந்து முனையில் திரும்பினேன். வேகத்தடை வந்தது, முன் சக்கரம் அதை விழுங்கிவிட்டு மேலே போனது. சர்ச் மதிலை ஒட்டி நடைபாதை உடைந்து சரிவாகக் கிடந்தது. சுற்றிப் போயிருக்கலாம். அதில் இறங்கினேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் நின்று வழிவிட்டார். அந்தச் சரிவில் இன்னொரு தடவையும் இறங்கிவிட்டுத்தான் கடைக்கு வந்தேன்.

அங்கே என் கணவர் டீ குடித்துக்கொண்டே, மகளுக்கு சைக்கிள் வாங்க வந்த ஒருவருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "பார்க்க நல்லாருக்குன்னு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வச்சது வாங்கிடாதீங்க. மேடு ஏறும்போது தெரியும்."

என்னைப் பார்த்ததும், "பிரேக் எப்படி?" என்றார்.

"சுமாரா பிடிக்குது. உங்களுக்குப் போதும்" என்றேன்.

கடைக்காரர் பெல்லையும் ஸ்டாண்டையும் சும்மாவே போட்டுக்கொடுத்தார். சீட்டின் உயரத்தை மாற்றுவது எப்படி என்று என்னிடம் மட்டும் தனியாகக் காட்டினார்.

அடுத்த வாரம் நான்கு காலை கணவர் சாங்கி ஏரி வரை ஓட்டிப் போனார். நான் பால்கனியில் நின்று கையசைத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் முகம் சுருங்கித் திரும்பினார். சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர், "மகந்தா சார்?" என்று கன்னடத்தில் கேட்டாராம், பையனுடைய சைக்கிளா என்று. சீட் வேறு கல் மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார். முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

நான் வாயே திறக்காமல் பத்து நாள் பொறுத்திருந்தேன். கடைசியில் அவரே கேட்டார்.

"சைக்கிள் சும்மா நிக்குது. செயின் துருப்பிடிச்சிடும். நீயாவது தினம் ஒரு ரவுண்டு போயேன்."

"எனக்கு எங்கங்க நேரம்?" என்றேன்.

"பணம் போட்டு வாங்கினது. வீணாப் போகலாமா?"

"சரி, உங்களுக்காகப் போறேன்."

ஒரு மாதம் விடிந்ததும் தெருத்தெருவாக மேடு ஏறிப் பழகினேன். மல்லேஸ்வரத்தில் மேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சைக்கிளின் சொந்தக்காரர் அவர்தான். சாயந்திரம் அதைத் துடைப்பார், செயினுக்கு எண்ணெய் விடுவார், வீடியோ பார்த்து பிரேக்கை முடுக்குவார். சின்ன சைஸ் எதற்கு என்று மாடிவீட்டுக்காரர் கேட்டதற்கு, "மண் பாதையில சின்ன ஃப்ரேம்தான் சட்டுனு திரும்பும் சார், நானே பார்த்து எடுத்தேன்" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பெண் தன் காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் மாட்டி என்னை ஹெசரகட்டாவுக்கு அழைத்துப் போனாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. முதல் குட்டையைத் தாண்டினேன், இரண்டாவதையும் தாண்டினேன். மூன்றாவதுக்கு முன்னால் இருந்த சரிவில் தைரியம் அளவுக்கு மீறிவிட்டது. சைக்கிள் ஒரு பக்கம், நான் முட்புதர்ப் பக்கம். அவள் ஓடிவந்து, "அக்கா, அடிபட்டுச்சா?" என்று கேட்டபோது நான் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்த கணவர் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், காற்றிறங்கிய பின் டயரைப் பார்த்தார்.

"முன்சக்கர ஃபோர்க்குக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கும் ஒண்ணும் ஆகலைங்க" என்றேன்.

"அதான் நிக்கிறியே, தெரியுது. டெட்டால் போட்டுக் கழுவிட்டு வா."

நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் துணி துவைக்கும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை பக்கெட் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். டயரிலிருந்து பிடுங்கிய முட்களைப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

எனக்குத் திக்கென்றது. "ஓட்டவா?"

"சீச்சீ. உங்க ரெண்டு பேருக்கும் பஞ்சர் ஒட்டத் தெரியுமா? யாராவது ஒருத்தர் வேணாமா? ஏரிக்கரையில நடந்துக்கிட்டும் இருப்பேன்."

நான் உப்புமாத் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் ட்யூபை மெல்லத் திருப்பித் திருப்பி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.