பக்கிளுக்குக் கொடுத்த அரைச் சப்பாத்தி

என் வீட்டுக்காரர் வெயிலுமுத்துவைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தாராவியில் கரீம் பாட்சா பாயின் பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். ஆபீஸ் போகிறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலில் இடிபடுகிறார்களே லாப்டாப் பைகள், அவை முதலில் இவர் கத்திரியில் துண்டு துண்டாக விழுந்தவைதான். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு துண்டு ரெக்சினைக்கூட வெயிலு தப்பாக வெட்டியதில்லை என்று பாய் சொல்வார். இவரும் சொல்வார். சாப்பிடும்போது சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வார், எங்கள் கல்யாணப் பேச்சு வந்தால்கூட இடையில் அதைச் சொருகிவிடுவார். பால் வாங்கப் போனால் தயிர் வாங்கிக்கொண்டு வருகிற மனுஷன். பெருமைப்பட வேறு விஷயம் அதிகம் கிடையாது என்பதால் நானும் விட்டுவிடுவேன்.

நான் விஜயராணி. காலையில் பால்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடுவேன். எனக்கு ஒன்பது வருஷமாகச் சுகர். சுகரைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற எண்ணமும் அதே ஒன்பது வருஷமாக உண்டு.

பக்கிள் எங்கள் பூனை. எலி பிடிக்கட்டும் என்று பட்டறையில் வளர்ந்தவன். பைகளில் தைக்கிற பித்தளை பக்கிள்களைக் கொட்டி வைக்கும் டப்பாவில்தான் தூங்குவான், அதனால் அந்தப் பேர். வயதாகி, குண்டாகி, எலி முன்னால் ஓடினாலும் தலையைத் திருப்பிக்கொள்கிற நிலைக்கு வந்ததும் இவர் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

"பத்துக்குப் பன்னெண்டு ஒத்த ரூம் கோலியில நாம ரெண்டு பேரு கெடக்கதே பெரும்பாடு. இதுல பூனை வேறயா?" என்றேன்.

"அவன் பாட்டுக்கு மூலையில கெடப்பான் ராணி."

மூலையில் கிடந்தது இவர்தான். பக்கிள் என் தலையணையை எடுத்துக்கொண்டான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பக்கிள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். சும்மா நக்குவதல்ல. பாத்திரம் கழுவுகிற மோரியில் வாளி வைத்தால் தலையை உள்ளே விட்டுக் குடிப்பான். குடித்ததையெல்லாம் கட்டிலுக்கடியில் பெய்து வைப்பான். பானை மாதிரி இருந்த வயிறு ஒட்டிப்போனது. எனக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது.

"ஏங்க, இவனுக்குச் சுகரு."

"ஒனக்கு இருந்தா ஊருல உள்ள பூனைக்கெல்லாம் இருக்குமா?" என்று சிரித்தார்.

செம்பூரில் டாக்டர் ஜோயா என்ற பெண் மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். அப்பா கடையநல்லூர்க்காரர், இவள் இங்கேயே பிறந்தவள். அவள் தமிழில் பாதி ஹிந்தி. பக்கிளின் காதோரம் ஒரு குத்து குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி சொன்னது ஏக்தம் கரெக்ட். சுகர் நானூத்திப் பத்து" என்றாள். வீடு வந்து சேரும்வரை இவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி முழுசாக ஜெயித்த நாட்கள் எனக்குக் குறைவு.

வைத்தியம் இன்சுலின் ஊசி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் பன்னிரண்டு மணி நேரம். முதலில் சாப்பிட வேண்டும், அப்புறம்தான் ஊசி. மருந்துப் புட்டியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்ட வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் மீனும்தான் ஆகாரம். சோறு கிடையாது, பிஸ்கட் கிடையாது. அளவு கூடிப்போனாலும், பூனை சாப்பிடாமல் இருந்தாலும் சுகர் சடாரென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மூன்று தடவை சொன்னாள். இவர் மூன்று தடவையும் தலையாட்டினார்.

பட்டறையிலிருந்து பஞ்சுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, வெறும் தண்ணீரை வைத்து நான்கு நாள் குத்திப் பழகினார். ஐந்தாம் நாள் நிஜ ஊசி. பக்கிள் தட்டில் முகம் புதைத்துக் கோழி தின்றுகொண்டிருந்தான். இவர் அவன் பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, கண்ணை ஒரு தடவை இறுக்கி மூடித் திறந்து, குத்தினார். பக்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருக்கோ சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. விசிறிவிட்டு உட்கார வைத்தேன்.

காலை ஆறரை, சாயங்காலம் ஆறரை என்று நேரம் குறித்தோம். இதில் ஒரு சிக்கல். கட்டிங் மாஸ்டர் ஒன்பது மணிக்கு முன்னால் பட்டறையை விட்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று போய்க் கேட்டதும் பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டாராம்.

"வேய் வெயிலு, பொண்டாட்டி பிரசவத்துக்கே அரை நாள்தான் லீவு கேட்டீரு. பூனைக்குத் தெனமும் கேக்கீரே!"

ஆனாலும் பக்கிள் அவர் பட்டறைப் பிள்ளைதானே. ஒரு வாரம் போனதும் ஆறு மணி அடித்தால் பாயே விரட்ட ஆரம்பித்துவிட்டார். "கெளம்பும்வே, அங்க அவன் காத்துக் கெடப்பான்" என்பாராம்.

இவர் மூன்றே வாரத்தில் கை தேர்ந்துவிட்டார். ஊசி போட்டதும் காலண்டரில் அந்தத் தேதியில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். இரண்டு டிக் விழுந்தால்தான் அந்த நாள் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னுடைய சுகர் மிஷினில் அவனுக்கும் ரத்தம் பார்ப்போம். என் ஸ்ட்ரிப் எல்லாம் பூனைக்கே போனது. பக்கத்துக் கோலி ஹாஃபிஸா தெரியாமல் ஒரு பிஸ்கட்டைப் போட்டுவிட்டாள் என்று இவர் அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. இப்படி ஒரு ராணுவ ஆட்சி வீட்டில் நடந்தது.

ராணுவத்தை ஏமாற்றியவள் நான்தான்.

மத்தியானம் பால்வாடியிலிருந்து வந்து, என் சுகர் டாக்டர் சொன்னபடி சோற்றை ஒதுக்கிவிட்டு இரண்டு சப்பாத்தி போட்டுச் சாப்பிட உட்காருவேன். பக்கிள் எதிரே வந்து உட்கார்ந்து என் கையையே பார்ப்பான். உப்பில்லாத கோழியைத் தின்று தின்று நாக்குச் செத்தவன். எனக்கு மனசு கேட்கவில்லை. சுகர்காரர்களுக்குச் சோறுதானே ஆகாது, சப்பாத்தி ஆகுமே என்று நினைத்தேன். எங்கள் சாலில், வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்தக் கோலிகளில், சுகர் இல்லாத வீடு கிடையாது, சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டிலும் சப்பாத்திதான். டாக்டர் ஜோயாவும் சோறு, பிஸ்கட் என்றுதான் சொன்னாள், சப்பாத்தி என்று சொல்லவில்லையே! அரைச் சப்பாத்தியைப் பிய்த்து, ஆடை எடுத்த பாலில் ஊறப்போட்டுக் கொடுப்பேன். சுகர்காரிக்குத்தான் சுகர்காரன் கஷ்டம் தெரியும் என்று எனக்குள் ஒரு மிதப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமைகூட இவர் மத்தியானம் தூங்கின பிறகு கொடுத்துவிடுவேன். இவரிடம் சொல்லவில்லை. ஹாஃபிஸா பட்ட பாட்டைப் பார்த்த பிறகு யார் சொல்வார்கள்?

பக்கிளின் சுகர் இறங்குவதாக இல்லை. டாக்டர் ஒரு யூனிட்டை இரண்டாக்கினாள். அடுத்த மாதம் மூன்றாக்கினாள். "ஒரு துளி வெளிய போகாமத்தான் போடுதேன், ஏன் எறங்க மாட்டேங்கு?" என்று இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் அரைச் சப்பாத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை பேரனுக்குக் காய்ச்சல், மகளுக்கு ஆபீஸ் லீவு கிடைக்கவில்லை என்று போன் வந்தது. அவள் இருப்பது சான்பாடாவில். பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு விடிவதற்குள் கிளம்பிப் போனேன். மருமகன் ஷிப்ட் முடிந்து வந்ததும் அங்கிருந்து புறப்பட்டு வீட்டைத் திறந்தபோது மணி மூன்று.

மோரிக்குப் பக்கத்தில் பக்கிள் படுத்துக் கிடந்தான். கூப்பிட்டேன். எழுந்தான், பின்னங்கால் இரண்டும் வழுக்கி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். தலை ஆடியது. பார்வை எங்கேயோ இருந்தது. போன வருஷம் சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நான் இப்படித்தான் விழுந்தேன். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போன அன்று. இது லோ சுகர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எனக்காக வைத்திருக்கிற குளுக்கோஸ் பொடியை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, வாய்க்குள் ஊற்றாமல், விரலில் எடுத்து ஈறில் தடவினேன். தடவிக்கொண்டே இவருக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் பக்கிள் என் விரலை நக்கினான். இவர் செருப்பில்லாமல் ஓடி வந்து நின்றார்.

செம்பூரில் டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்தாள். குளுக்கோஸ் தடவிய பிறகும் அறுபத்திரண்டுதான் இருந்தது. உடம்பைச் சூடாக்கி, மருந்து ஏற்றி, உயிருக்குப் பயமில்லை என்று சொன்னாள். சொன்னதும் இவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"டாக்டரம்மா, நாந்தான் ரெண்டு தடவ குத்திட்டேன். பாய்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டு ஓடியாந்தேன். காலையில இவ இல்ல. இவ இருந்தா போட்டாச்சான்னு கேப்பா. போட்டுட்டு டீ போட்டேன். அப்புறம் மறுபடியும் போட்டுட்டேனோ என்னமோ, ஞாபகமே இல்ல. காலண்டர்ல ஒரு டிக்கும் இல்ல."

"ரிலாக்ஸ் அங்கிள். சாப்பாட்டுல இன்னைக்கு ஏதாவது சேஞ்ச்?"

"ஒரு சேஞ்சும் இல்ல. தெனமும் போடுத கோழிதான், அளந்துதான் போட்டேன். என் கைதாம்மா தப்பு. இனிமே இந்தக் கையால ஊசியத் தொட மாட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வீடாப் பாத்து இவனக் குடுத்துருங்க. எங்கிட்ட இருந்தா நானே கொன்னுருவேன்."

இன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சப்பாத்தி போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்னை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பூனை வேறு வீட்டுக்குப் போய்விடும். இவர் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே மிச்ச நாளைக் கழிப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னேன்.

"நான் தெனம் மத்தியானம் அவனுக்கு அரைச் சப்பாத்தி குடுப்பேன். பால்ல ஊற வச்சு. இன்னைக்கு நான் வீட்டுல இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "சப்பாத்தியா?"

"சுகர்காரங்களுக்குச் சப்பாத்தி நல்லதுதான? எனக்கு டாக்டர் அப்படித்தான சொன்னாரு?"

"அது உங்களுக்கு ஆன்ட்டி. பூனைக்குச் சோறும் ஒண்ணுதான், சப்பாத்தியும் ஒண்ணுதான்." சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். சப்பாத்தியால் சுகர் ஏறியது. அதை இறக்க டாக்டர் ஊசி அளவைக் கூட்டிக்கொண்டே போனாள். இன்று சப்பாத்தி இல்லை, ஊசி மட்டும் மூன்று யூனிட். இன்று சாயங்காலம் ஊசியே வேண்டாம், நாளையிலிருந்து பழையபடி ஒரு யூனிட் என்று எழுதினாள். வெறும் கறியும் மீனுமாக இருந்தால் சில பூனைகளுக்குக் கொஞ்ச நாளில் ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டாம்.

நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பிஸ்கட்டுக்கு ஹாஃபிஸாவோடு இரண்டு வாரம் என்றால், மூன்று மாதச் சப்பாத்திக்கு என்னோடு எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்போ நான் ரெண்டு தடவ குத்தலயா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"அப்படித் தெரியல அங்கிள். சப்பாத்தி இல்லாதப்போ இதுக்கு ஒரு டோஸே போதும்."

ஆட்டோவில் பக்கிளைப் பைக்குள் வைத்து மடியில் இடுக்கிக்கொண்டார். வலை ஜன்னல் வைத்து அவரே வெட்டிய பை. "ஒரு தடவதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சயான் சிக்னலில் என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசமாவா?"

"ஆமா."

"பாலு ஊத்தியா?"

"ஆமா."

"எனக்கு டப்பாவுல வைக்கது வறட்டுச் சப்பாத்தி. கேட்டா இந்த வயசுல பாலும் நெய்யும் எதுக்கும்ப."

சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது. "என்னத் திட்டுங்க" என்றேன்.

"திட்டத்தான் போறேன், வீட்டுக்கு வா. ஆனா நீ பாட்டுக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுட்டீ. இவன அங்கனயே விட்டுட்டு வந்திருப்பேன்." பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து உள்ளே கையை விட்டார். பக்கிள் அந்தக் கையை நக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பச்சை விழுந்ததும் ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினார். "பையா, சீதா லேலோ. நேரா பட்டறைப் பக்கம் போ."

"வீட்டுக்குப் போகலயா? பட்டறையில இப்ப என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பாய்கிட்ட சொல்லணும்."

"என்னன்னு? நான் சப்பாத்தி குடுத்தேன்னா?"

"இல்ல. நான் ஒரு தடவதான் குத்துனேன்னு."