பாடிக்கொண்டே போன சிறுமிக்கு இரண்டு மதிப்பெண்

ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் என் மகளுக்கு இரண்டு மதிப்பெண் போனதற்கு நான்தான் காரணம்.

பாடத்தில் ஒரு கவிதை. கரண்ட் போன வீட்டில் ஒரு சிறுமி பின்பக்கம் போய், கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வருகிறாள். போகும்போதும் பாடுகிறாள், வரும்போதும் பாடுகிறாள். அவ்வளவுதான். "சிறுமி ஏன் பாடினாள்?" என்று கேள்வி. முந்தின நாள் மகள் கேட்டபோது சட்டென்று சொன்னேன்: "பயந்து போய்ப் பாடுதா." அவளும் அப்படியே எழுதிவிட்டாள். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து, "துணிச்சலானவள், மகிழ்ச்சியால் பாடினாள்" என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

"நீங்க சொன்னதத்தான எழுதுனேன்? மிஸ்ட்ட வந்து சொல்லுங்கப்பா."

"நாளைக்கு வாரேன்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

துறைமுகச் சாலையில், லாரி எடைமேடையில் சீட்டுப் போடுவது என் வேலை. சின்ன ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டினால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். அதனால்தான் இத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறேன். என் மனைவி விடுவாளா?

"லோடு லாரியே இவுக கையக் காட்டுனா நிக்கிது. ஒரு டீச்சர் முன்னால போய் நிக்க இவுகளுக்குக் காலு நடுங்குது."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா சும்மா வாய்க்கு வந்தத சொல்லிருக்காங்க" என்றாள். அதுதான் சுட்டது. ஏனென்றால் அந்த விடை எனக்கு நன்றாகத் தெரிந்த விடை.

என் அப்பா தோணியில் வேலை பார்த்தார். சரக்கு ஏற்றும் நாட்களில் மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோவேன். கரைக்கும் தோணிக்கும் நடுவே ஒரே ஒரு பலகை. கீழே தண்ணீர் ஏறி இறங்கும், பலகையும் கூடவே ஏறி இறங்கும். தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தொண்டை கிழியப் பாடியபடி கடப்பேன். "ஏலே, பாட்டுக்காரன் வாரான்! பயலுக்குக் குசாலப் பாரு!" என்று தோணியில் கை தட்டுவார்கள். பாட்டை நிறுத்தினால் விழுந்துவிடுவேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் மாதா கோயில் திருவிழாப் பொருட்காட்சிக்குப் போனோம். பெரிய ராட்டினத்தில் ஏற வேண்டும் என்றாள் மகள். மனைவி மிளகாய் பஜ்ஜியோடு ஒதுங்கிக்கொண்டாள். நானும் மகளும் பெட்டியில் உட்கார்ந்தோம். எதிர் இருக்கை காலி. வரிசையில் அடுத்து நின்றவரை ஏற்றி, ராட்டினக்காரர் கம்பியைப் பூட்டினார். பார்த்தால், அதே டீச்சர்!

"சொல்லுங்கப்பா" என்று மகள் விலாவில் இடித்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

முதல் சுற்றில் டீச்சர் புன்னகைத்தார். இரண்டாவது சுற்றில், உச்சியில், கடலும் துறைமுக விளக்குகளும் காலுக்குக் கீழே சரிந்தபோது, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாதா பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். ராகமெல்லாம் இல்லை; கப்பல் சங்கு மாதிரி ஒரே சத்தம். நானும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வரியை நான் எடுத்துவிட்டேன். கோயிலில் உதட்டை மட்டும் அசைக்கிற நான்! ஏறும்போது நான், இறங்கும்போது டீச்சர். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மிஸ், சந்தோசமா பாடுதீங்களா?"

"ஏளா, உயிர் போவுது எனக்கு! பாட்ட நிறுத்துனா மயங்கிருவேன்!"

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. "டீச்சர்! துணி எடுக்கப் போன புள்ளையும் இப்டித்தான் பாடுனா! சின்னதுல நானும் தோணிப் பலகையில இப்டித்தான்! ரெண்டு மார்க்கு போடுங்க டீச்சர்! ரெண்டு மார்க்கு!"

பெட்டி கீழே பாய்ந்தது. "போடுதேன்! போடுதேன்! மொதல்ல இத நிறுத்தச் சொல்லுங்க!"

தரையில் இறங்கியதும் டீச்சர் கம்பத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "துணிச்சல்னு எழுதுனது சரிதான் ஸார். துணிய எடுத்துட்டு வந்துட்டாள்லா? மகிழ்ச்சின்னு எழுதுனதத்தான் அடிக்கணும்."

மகள் என் கையை விடவே இல்லை. "பலகையிலயா? நெசமாவாப்பா? விழலியா?"

மனைவி பஜ்ஜியை நீட்டினாள். "ஊருக்கே கேட்டுது, ரெண்டு மார்க்கு, ரெண்டு மார்க்குன்னு. யாரோ ஏலம் விடுதாங்கன்னு நெனச்சேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாதா பாட்டின் அடுத்த வரிதான் வந்தது.