வார்த்தைப்பாடு கொடுக்காத மருத்துவச்சி

பழைய உப்புக் கிடங்கின் பின்னால் இரண்டு அறை பிடித்து, நாதியற்ற நோயாளிகளைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டவர்கள் மூன்று பெண்கள். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வந்த டீச்சர், ஒரு தையல்காரி, ஒரு மருத்துவச்சி. மருத்துவச்சிக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. புண் கழுவிக்கொண்டிருக்கும்போது பிரசவ வலி என்று ஆள் வந்தால், மீதியைத் தையல்காரி தலையில் கட்டிவிட்டு ஓடுவாள்.

ஆறாம் வருஷம் மறைமாவட்ட ஆயரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களைத் துறவற சபையாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கன்னியர் பிரசவம் பார்க்கக் கூடாது.

"அப்போ யாரு பார்க்கிறதாம்?" என்றாள் மருத்துவச்சி.

"திருச்சபைச் சட்டம்டி. நான் எழுதினதா?" என்றாள் டீச்சர்.

மருத்துவச்சி முயன்றுதான் பார்த்தாள். பிரசவப் பையைப் பூட்டிச் சாவியைத் தையல்காரியிடம் கொடுத்தாள். ஜெபத்தில் உட்கார்ந்தால் வாய் முணுமுணுக்கும், காது தெருவில் இருக்கும். கூடத்தை நாளுக்கு நூறு தடவை அளந்தாள். பத்தாம் நாள் மூட்டை தூக்குகிறவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். "அவளுக்கு முடியலம்மா. நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாங்க. சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சாவியக் கொடு" என்றாள் தையல்காரியிடம்.

குழந்தை கால் முதலில் வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த வாரம் கோயிலில் டீச்சரும் தையல்காரியும் மட்டும் துறவற வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியரானார்கள். கடைசி பெஞ்சில் இருந்த மருத்துவச்சி, பாட்டு முடியுமுன்னே எழுந்து வெளியே போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் அதே வீட்டில், அங்கியும் பட்டமும் இல்லாமல் இருந்தாள். புதிதாகச் சேர்ந்த கன்னியர் அவளை வேலைக்கார அம்மா என்று நினைத்தார்கள். அது உறைத்தது. ஆனாலும் ஒருவரையும் திருத்தவில்லை.

கன்னியரும் பிரசவம் பார்க்கலாம் என்று சட்டம் மாறியபோது அவளுக்கு அறுபத்தொன்று; டீச்சர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இப்போது சபைத் தலைவியாக இருந்த தையல்காரி, வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் கையெழுத்திடும் முதல் பதிவேட்டைத் திறந்தாள். இரண்டு கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி காலி. நாலாவது வரியிலிருந்து மற்றவர்கள்.

"இதை ஏன்டி விட்டு வச்சீங்க?"

"டீச்சர் அக்காதான் உனக்காக விடச் சொன்னா. எனக்கு நம்பிக்கையே இல்ல. ரெண்டு தடவை நிரப்பப் போனேன், கையத் தட்டிவிட்டா."

மருத்துவச்சி பேனாவை வாங்கினாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.