இரண்டு தலைக்கும் ஒரு சிலேட்டு

எண்ணெய் வைத்த தலையில் சிலேட்டைப் படுக்கையாக வைத்தால் உச்சியில் ஒரு குளிர் இறங்கும். அந்தக் குளிர் பிடரிக்கு வந்து சேருமுன்னே என் முதுகோடு ஒட்டி நின்ற இன்னொரு முதுகும் சிலிர்ப்பது எனக்குத் தெரியும். அந்த முதுகு என் அண்ணன் சவிரியுடையது. அண்ணன் என்பது பேச்சுக்குத்தான். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். மருத்துவிச்சி அவனைத் துடைத்துத் துணியில் சுற்றி முடித்த நேரந்தான் எங்களுக்குள் உள்ள வயது வித்தியாசம். அந்தச் சொற்ப நேரத்துக்காக அவன் வீட்டில் "பெரியவன்" ஆனான். சூசை என்று ஞானஸ்நானம் பெற்ற நான் "சின்னவன்" ஆனேன்.

பெயரோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். கோப்பையில் சோறு விழும்போதும் "பெரியவனுக்கு முதல்", புதுச் சட்டை வந்தாலும் "பெரியவன் எடுக்கட்டும்". என் கோப்பையில் மீன் துண்டு இரண்டு, அவன் கோப்பையிலும் இரண்டு என்று எண்ணிப் பார்த்து ஆறுதல் கொள்ளும் வேளையில், அவனுடையது இரண்டும் நடுத்துண்டு, என்னுடையதில் ஒன்று வால் என்பது கண்ணில் படும். எதையும் எண்ணிப் பார்க்கும் என் பழக்கம் படிப்பால் வந்ததென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பொறாமையால் வந்தது.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆன அந்தக் காலத்தில், பேசாலைக்கு அப்பால் எங்கள் கரையில் இருந்தது ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம். அரிவரி என்ற முதல் வகுப்புக்கு நானாட்டானிலிருந்து ஓர் இளம் ரீச்சர் வந்திருந்தார். வயற்காரர் வீட்டுப் பெண். பச்சை மீன் மணத்துக்கு மூக்கைச் சுளித்தாலும் பிள்ளைகளுக்குச் சுளிக்காதவர். இலக்கங்களுக்கு முன்னே அவர் எங்களுக்குப் படிப்பித்தவை "கூட", "குறைய", "நெட்டை", "கட்டை", "பாரம்" என்ற சொற்களைத்தான். மேல் வரிசையில் ஆறு சோகிச் சிப்பிகளை நெருக்கியும், கீழ் வரிசையில் ஐந்தைப் பரவலாகவும் வைத்து, "எதிலை கூட?" என்று கேட்பார். கருவாடு காயப்போடும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும், சவிரி உட்பட, கீழே காட்டினார்கள். எங்கள் கரையில் பாய் நிறையக் கிடப்பதுதான் கூட. நான் மட்டும் விரலால் தொட்டு எண்ணி, "மேலை" என்றேன். ரீச்சர் மேல் சோகி ஒன்றுக்குக் கீழ்ச் சோகி ஒன்று என்று சோடி சேர்த்து, சோடியில்லாமல் நின்ற ஒன்றை எல்லாருக்கும் காட்டினார். அந்தத் தனிச் சோகியை நான் அன்று அவ்வளவு நேசித்தேன்.

"சமன்" என்ற சொல்லுக்கு மட்டும் அவருக்கு எங்கள் கொட்டகையில் பொருள் கிடைக்கவில்லை. எந்த இரண்டு ஈர்க்கை எடுத்தாலும் ஒன்று மற்றதைவிட மயிரளவாவது நீளமாக இருந்தது. கடைசியில் எங்களை அழைத்து முதுகோடு முதுகாக நிறுத்தி, இரண்டு தலைக்கும் மேலே சிலேட்டை வைத்து, அதன் மேல் ஒரு சிலேட்டுப் பென்சிலையும் வைத்தார்.

"பென்சில் உருளேல்லை, பாத்தியளோ? அப்ப சூசையும் சவிரியும்?"

"சமன்!" என்று கொட்டகை அதிரக் கத்தினார்கள்.

பிறந்ததிலிருந்து சின்னவனாக இருந்தவனுக்கு அந்தச் சொல் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு யாராவது அந்தச் சொல்லை மறந்தால் ரீச்சர் எங்களைக் கைகாட்டுவார். வீட்டில் நான் யாராகவும் இருந்துவிட்டுப் போகலாம், பள்ளிக்கூடத்தில் நான் சமன்.

அந்த வருடம் ஊரில் சின்னமுத்து அம்மை வந்தது. இருவரும் ஒரே பாயில் வேப்பிலை நடுவே கிடந்தோம். பிள்ளைகள் எழும்பினால் ஆளுக்கு ஒரு ஆளுயர மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். சவிரி கெதியாய் எழும்பிக் கண்டதையெல்லாம் தின்று தென்னம்பிள்ளைபோல் வளர்ந்தான். எனக்குக் காய்ச்சல் விட்டும் வயிறு விடவில்லை; மாதக்கணக்காகக் கஞ்சியோடு கிடந்து மெலிந்தேன். மறுபடி பள்ளிக்கூடம் போன அன்று, எங்களைக் கண்ட சந்தோஷத்தில் ரீச்சர் ஒன்றும் யோசிக்காமல் இருவரையும் நிறுத்திச் சிலேட்டை வைத்தார். பென்சில் மெல்ல அசைந்தது. பிறகு என் பக்கமாக உருண்டு என் காலடியில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"ஐயோ" என்றார் ரீச்சர். ஒரு பையன், "ரீச்சர், சூசை கட்டையாப் போனான்!" என்றான். நான் கட்டையாகப் போகவில்லை, அவன்தான் நெட்டையாகப் போனான்.

அந்தோனியார் திருநாளுக்கு முன், கோயிலில் மணி அடித்து மெழுகுதிரியும் வார்க்கும் பேதுரு அப்புவிடம் அம்மா எங்களைக் கூட்டிப்போனார். அப்பு திரிநூலை உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பிடித்து அளந்து வெட்டுவார். சவிரியின் நீண்ட நூல் ஆணியில் தொங்குவதைக் கண்டேன். உயர்ந்த திரிக்காரனைத்தானே புனிதர் முதலில் பார்ப்பார்? என் முறை வந்தபோது குதிகாலை மெல்ல உயர்த்தினேன். அப்புவின் கை வந்து குதிகாலை அமுக்கியது.

"டேய் சின்னவன், குதி நிலத்திலை. கள்ள அளவு குடுத்தால் அந்தோனியார் காய்ச்சலையும் அளந்து திருப்பித் தருவார்."

அம்மா சிரித்தார், சவிரி சிரித்தான், நான் அழுதேன். அப்பு என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உங்கடை நேர்த்தி உயரத்துக்குத்தானே? மொத்தத்துக்கு இல்லையே?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா விளங்காமல் தலையாட்டினார்.

திருநாளன்று அது விளங்கியது. சொரூபத்துக்கு முன்னால் மணற்தட்டில் இரண்டு திரிகளையும் நட்டபோது, சவிரியுடையது மூங்கில் கம்புபோல் நின்றது. என்னுடையது கட்டைதான், ஆனால் என் மணிக்கட்டைவிட மொத்தம், அவ்வளவு தடிப்பு. சவிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கோயிலென்றும் பாராமல் வாய்விட்டு அழுதான்.

"எனக்கு அவன்ரைதான் வேணும்!"

"உன்ரை நெட்டையடா, பெரியவன்."

"நெட்டை வேண்டாம்! அவன்ரைதான் பெரிசு!"

சனத்துக்குள் நின்ற ரீச்சர் குனிந்து, "சும்மா பெரிசு எண்டு சொல்லக் கூடாது சவிரி. எதிலை பெரிசு எண்டு சொல்ல வேணும். உயரத்திலை உன்ரை, மொத்தத்திலை அவன்ரை" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்களும் இவனைப் பெரியவன் எண்டுறியள், எதிலை பெரியவன்?" என்று சிரித்தார்.

"வயதிலை ரீச்சர்."

"எவ்வளவாலை?"

அம்மா முக்காட்டைச் சரிசெய்தார்.

ரீச்சரின் நியாயம் நல்ல நியாயந்தான். ஆனால் எனக்கு அன்று நியாயம் வேண்டியிருக்கவில்லை, சமனும் வேண்டியிருக்கவில்லை. என்னிடம் இருந்த ஒன்றுக்காகச் சவிரி அழுதான். அவன் மூக்கு ஒழுக அழுததைப் பார்க்கப் பார்க்க, சின்னமுத்தில் பட்டதெல்லாம் ஆறிப்போனதுபோல் இருந்தது.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் கழுதைகள் படுக்கின்றன. ஆளுயரத் திரி வார்ப்பாரும் இல்லை, திரிகள் பெட்டியில் ஒரே அளவாக வருகின்றன. பேத்தியின் முன்பள்ளித் தாளில் யானையும் எலியும் வரைந்து "பெரியது எது?" என்று கேட்டிருக்கிறார்கள். யானைக்கும் எலிக்கும் நடுவே என்ன பொறாமை இருக்கிறது, பிள்ளை அக்கறையோடு பார்ப்பதற்கு? பென்சில் உருளுமோ உருளாதோ என்று நெஞ்சு அடிக்கும் இடத்தில் வைத்தல்லவா அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டும்.

போன திருநாளுக்குச் சவிரி கனடாவிலிருந்து வந்திருந்தான். பல் முழுவதும் புதிது, தலைமயிர் என்னைவிடக் கூட; முதுகு மட்டும் கூனிவிட்டது. பேத்திக்குச் சமன் காட்டலாம் என்று முதுகோடு முதுகாக நின்றோம். அவள் கதிரையில் ஏறி, சிலேட்டுக்குப் பதிலாகத் தன் கொப்பியை எங்கள் தலைகளில் வைத்து, பென்சிலையும் வைத்தாள். பென்சில் அசையவில்லை. இத்தனை காலம் காத்திருந்த சொல், அவன் வாயிலிருந்தே வந்தது: "சமன்தான்ரா, சின்னவன்."

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"கனடா அப்பப்பாவின்ரை பக்கம் உருளுது!" என்று பேத்தி கத்தினாள். "எங்கடை அப்பப்பாதான் நெட்டை!" பென்சில் சவிரியின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தான். குதிகாலை அமுக்கப் பேதுரு அப்பு இப்போது இல்லை.