ஆவூர்க்காரன் பிரித்த சொல்

இன்னொரு முறை பதில் தெரியாமல் நின்றால் காலேஜை விட்டுவிட்டு ஏர் பிடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தான் என் பெஞ்சுக்கார ஆவூர்ப் பயல். அன்று ஆங்கில வாத்தியார் அவனைத்தான் எழுப்பினார்.

“ஆம்னிபொட்டென்ட். லத்தீன்ல பிரிச்சுச் சொல்லு.”

டிக்‌ஷனரி வைத்திருந்த நானே முழித்தேன். அவன் கண்ணை மூடி, மாதா கோயில் பூசையில் மனப்பாடமான லத்தீன் பாவமன்னிப்பு ஜெபத்தை முதலிலிருந்து ஒப்பித்தான். நடுவில் ‘என் பாவமே’ என்று வரும் இடத்தில் மூன்று தடவை மாரில் வேறு அடித்துக்கொண்டான். வகுப்பே சிரித்தது.

“மூணாவது வார்த்தை ‘ஓம்னிபொத்தென்தி’ங்க சார். ஓம்னின்னா எல்லாம், பொத்தென்ஸ்னா வல்லவர்.”

“சரிதான்! அப்பவே நிறுத்தாம மாருல ஏன்டா அடிச்ச?”

“ஆரம்பிச்சா பாதியில நிறுத்த வராதுங்க.”

வெளியே வந்ததும் கேட்டேன், “ஏர் பிடிக்க எப்படா போற?”

“போடா. நாளைக்கு ஒனக்கு லத்தீன் சொல்லித்தாரேன், வா.”