சனிக்கிழமை மாத்திரை

சிங்காநல்லூர் பரீத் பாய் பட்டறையில் கட்டிய மோட்டார் என்றால், கிணற்றில் இறக்கிவிட்டு ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது பாய் இல்லை, வெங்கடலட்சுமி. இதைப் பாயே சொல்வார். சொல்லாவிட்டால் நான் சொல்ல வைப்பேன்.

நான் சென்னியம்மாள். லட்சுமியக்காவுக்குப் பக்கத்துப் பலகை என்னுடையது. அவள் வீட்டில் தெலுங்கு, பட்டறையில் எங்களோடு தமிழ். கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். அப்போது பாய் மெதுவாக டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கருகிப்போன மோட்டார் வந்தால் உள்ளே இருக்கும் பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, உள்பக்கத்துப் பள்ளங்களில் பேப்பர் வைத்து ஒவ்வொரு இழையாக இறக்கி, கடைசியில் வார்னிஷ் அடித்து உலையில் காயவைக்க வேண்டும். இழை இறக்க மிஷின் கிடையாது. விரல்தான் மிஷின். மூங்கில் குச்சியால் தள்ளித் தள்ளி இறக்கும்போது கம்பியின் மேல்பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால் போதும், மோட்டார் மறுபடி கருகித் திரும்பி வரும். என் கையால் கட்டியது வந்திருக்கிறது. பாய் கட்டியதே வந்திருக்கிறது. அக்கா கட்டியது வந்ததில்லை.

அப்படிப்பட்ட கை தொண்ணூற்று நாலாம் வருஷம் மடங்க மறுத்தது.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி அதில் விரல்களை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், கையில் வார்னிஷ் ஒட்டிக்கொண்டது என்பாள். மெடிக்கலில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையைச் சோறு மாதிரி தின்று, வயிறு எரிந்து பாதி நாள் பட்டினி கிடந்தாள். ஒரு நாள் மத்தியானம் தன் சோற்றுத் தூக்குப்போசியை என் பக்கம் நகர்த்தினாள்.

"சென்னி, இந்த மூடியைச் சித்தெ தொறந்து குடு."

மூடி இறுகவே இல்லை. தொட்டதும் கழன்றது. நான் அவள் விரல்களைப் பார்த்தேன். முட்டிகள் எல்லாம் நெல்லிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடவே ஆத்திரமும் வந்தது.

"ஏனுங்க அக்கா, இத்தனை நாளா என்ற கிட்டக்கூடச் சொல்லோணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா பலகை போயிருமில்ல" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு வலி பெரிதில்லை. அந்தப் பலகையில் உட்கார முடியாமல் போய்விடுமோ என்பதுதான் பயம்.

ராம் நகரில் மூட்டு வியாதிக்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். நான்தான் கூட்டிப்போனேன். அவர் தன் இரண்டு விரல்களை அக்காவின் உள்ளங்கையில் வைத்து, "அமுக்கிப் பிடிங்க" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம், அமுக்குங்க" என்றார் மறுபடியும்.

"அமுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. முடக்குவாதம் என்றார். வயசானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை, உடம்பே தன் மூட்டைத் தாக்குகிற வியாதி, விட்டால் விரல் கோணிப் போகும் என்று விளக்கினார். இதற்கு ஒரு மாத்திரை உண்டு, ஆனால் பொல்லாத மாத்திரை என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். குமட்டும், முடி கொட்டலாம், வாயில் புண் வரலாம், ஈரலையும் ரத்தத்தையும் பாதிக்கலாம். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. மற்ற நாளில் அதன் வேகத்தைத் தாங்க ஒரு வைட்டமின் மாத்திரை. குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் ஆகிவிட்டதா என்றுகூடக் கேட்டார், ஏனென்றால் அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது. கடைசியாக, "நிறுத்தறதா இருந்தாலும் கூட்டறதா இருந்தாலும் நான் சொல்லோணும். காய்ச்சல் வந்தா அன்னிக்கே வந்துரோணும்" என்றார். அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுத்தது அக்காதான். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு மாத்திரை. ஞாயிறு பட்டறை லீவு, குமட்டலை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை தெளிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கறி இல்லாத வீடு ஏது? மசாலா வதங்கும் வாசனை வந்ததும் அக்கா புறக்கடைக்கு ஓடினாள். அவள் வீட்டுக்காரர் ராமுலு மில் தொழிலாளி. வாரத்தில் ஒரு நாள் கறிக்காகவே உயிர் வாழ்கிற மனுஷன். இரண்டு மூன்று ஞாயிறு பார்த்தார். அப்புறம் அவரே கறிக்கடைக்குப் போய், "இனிமே எங்க ஊட்டுக்குப் புதன்கிழமைதான் கறி" என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை தயிர்ச்சோறு தின்னும் ஒரே வீடு அதுதான். ராமுலு கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அந்த ஆளுடைய மற்ற குற்றங்களையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. தீபாவளி தாண்டிய பிறகுதான் வீக்கம் வடியத் தொடங்கியது. தை மாதம் அக்கா தூக்குப்போசியைத் தானே திறந்தாள். திறந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். நானும் ஒன்றுமே நடக்காதவள் மாதிரி ஊறுகாயை நகர்த்தி வைத்தேன்.

மாசி பிறந்தால் எங்களுக்குச் சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்கும், கரண்டு வலு குறையும், மோட்டார் மோட்டாராகக் கருகும். உடுமலை, பல்லடம் பக்கமிருந்தெல்லாம் வண்டியில் ஏற்றி வருவார்கள். பட்டறை வாசலில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வருஷம் பாய் நல்ல எண்ணத்தில்தான் ஒன்று சொன்னார்.

"லட்சுமி, நீ சித்தெ மெதுவாப் பாரம்மிணி. பொள்ளாச்சியில இருந்து ஒரு ஆளு வாரேன்னு சொல்லியிருக்கறான். அவன் எச்சாப் பார்த்துக்குவான்."

அக்கா, "ஆகட்டுங்க பாய்" என்றாள். அவள் முகத்தைப் பாய் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அடுத்த சில வாரங்களில் அவள் வாயில் புண் வந்தது. ரசம் சோறுகூட எரிகிறது என்று மோரைக் குடித்துக்கொண்டு வேலை செய்தாள். எங்கள் ஊரில் வாய்ப்புண் என்றால் அது சூடு. அதற்குமேல் யாரும் யோசிக்க மாட்டோம். பாய் இளநீர் வாங்கி வந்தார். டீக்கடைக்காரர் தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். நான் தினமும் மணத்தக்காளிக் கீரை கடைந்து கொண்டுபோனேன். வெயில் காலம், வார்னிஷ் உலை பக்கத்திலேயே உட்காருகிறாள், சூடுதான் என்று பட்டறை மொத்தமும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அக்காவும் ஆமாம் ஆமாம் என்றாள்.

ஒரு வியாழக்கிழமை ஷிப்டுக்குப் போகும் வழியில் ராமுலு பட்டறைப் பக்கம் வந்தார். அக்கா உள்ளே உலையிடம் இருந்தாள்.

"ஏனம்மிணி, உங்கக்காளுக்கு என்ன ஆச்சு? இப்பெல்லாம் புதன்கிழமையும் கறி வேண்டாங்கறா. வாசமே ஆக மாட்டேங்குதாமா."

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை மாத்திரை போட்டால் ஞாயிறு கறி ஆகாது. புதன்கிழமை ஆகவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை என்ன தின்றாள்? நேரே உலைக்குப் போனேன்.

"அக்கா, செவ்வாக்கெழமையும் மாத்திரை போடறீங்களா?"

அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "போட்டா என்ன?" என்றாள். "நம்ம பட்டறையில ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சு விடறமா? ரெண்டு கோட்டு அடிச்சாத்தான மோட்டாரு தாங்குது? இந்தச் சீசன் தாண்டற வரைக்கும் கையும் தாங்கோணுமில்ல."

பட்டறையின் பெருமையே அந்த இரண்டாவது கோட்தான். எல்லாரும் ஒன்று அடிக்கும் இடத்தில் நாங்கள் இரண்டு அடிப்போம். அந்தப் பெருமையைக் கொண்டுபோய் உடம்பில் அடித்திருக்கிறாள் மகராசி! திட்ட வாயெடுத்தேன். எதற்கோ அவள் கையைப் பிடித்தேன். கொதித்தது. உலைச்சூடு இல்லை, காய்ச்சல்.

பாய் வேனை எடுத்தார். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அக்காவை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் தரைதட்டியிருந்தன. இன்னும் சில நாள் மணத்தக்காளியே தின்றுகொண்டிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டாள் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

காய்ச்சல் இறங்கியது, புண் ஆறியது. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் விரல் முட்டிகள் மறுபடி வீங்கின. பாய் பார்க்க வந்தார். பொள்ளாச்சி ஆள் வேலைக்கு வந்துவிட்டான் என்று மறைக்காமல் சொன்னார். "அவனை வேற பலகையிலதான் உக்கார வெச்சிருக்கறேன். அது உன்ற பலகை. தூசி தட்டி வெச்சிருக்கறா சென்னி" என்றார். அக்கா அதுவரை அழவில்லை. அப்போது அழுதாள்.

"இனிமே அந்த மாத்திரையைத் தரவே மாட்டாங்களோ, சென்னி?"

எனக்கும் அதே பயம்தான்.

அடுத்த முறை போனபோது ரத்தம் சரியாகியிருந்தது. ஆனால் டாக்டரம்மா மருந்துச் சீட்டில் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

"மருந்து மேல தப்பில்லைங்க. ஆனா உங்களை நம்பி எப்படி மறுபடி குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

அக்கா கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க பட்டறையில மெக்கர்னு ஒரு கருவி இருக்குதுங்க. மோட்டாருக்குள்ள எங்காச்சும் கரண்டு கசியுதான்னு அது காட்டிக் குடுத்துரும். முள்ளு எறங்குச்சுன்னா, பயிரு காயுதுன்னு காட்டுக்காரர் வெளிய நின்னு கத்துனாலும் மோட்டாரைக் குடுக்க மாட்டோமுங்க. மறுபடி உலையில வெச்சுக் காயவெச்சு, முள்ளு ஏறுனாத்தான் குடுப்போம். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதுல ஏமாத்துனதில்லைங்க. ரத்த டெஸ்ட்டை நான் வெறும் சடங்குன்னு நெனச்சுப்போட்டேன். அதுதான் எனக்கு மெக்கருன்னு இப்பத்தான் புரியுது. நீங்க முள்ளு ஏறிருச்சுன்னு சொல்லாம மாத்திரையைத் தொட மாட்டேன். ஒண்ணுக்கு ரெண்டும் போட மாட்டேன்."

டாக்டரம்மா மெக்கரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பேனாவைத் திறந்தார். குறைந்த அளவில் ஆரம்பித்து, பரிசோதனை பார்த்துப் பார்த்து ஏற்றலாம் என்றார்.

சொன்ன சொல்லை அக்கா காப்பாற்றிய விதம்தான் எனக்குப் பெருமை. மெடிக்கல் வலி மாத்திரைப் பக்கம் போகவில்லை. குமட்டலுக்கு டாக்டரம்மா கொடுத்ததைச் சொன்ன நேரத்தில் போட்டாள். உறவுக்காரி ஒருத்தி ஏதோ லேகியம் கொண்டுவந்து நீட்டியபோது, "டாக்டரம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். டாக்டரம்மா வேண்டாம் என்றதும் அது அங்கேயே உலர்ந்தது. முடி கொஞ்சம் கொட்டத்தான் செய்தது. முழங்கை தடிமன் ஜடை பாதியாகிவிட்டது. "செம்புக் கம்பி கொட்டலை இல்ல?" என்று பூ வைத்துக்கொண்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை பட்டறை மூடும் நேரத்தில், மோட்டார் உள்ளே பார்க்கிற டார்ச்சை எடுத்து, "வாயைத் தொறங்க" என்பேன். நாக்கு, உதடு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். புண் தெரிந்தால் மாத்திரைக்கு முன்னால் டாக்டரம்மாவுக்குப் போன். பாய் ஷட்டரை இறக்கிக்கொண்டே கேட்பார், "மெக்கர் போட்டாச்சா?" பொள்ளாச்சி ஆள்கூடக் கேட்கத் தொடங்கிவிட்டான். அவன் நல்ல பையன்தான், பாவம். அக்காவைப் போல இழை இறக்க வரவில்லை, அது அவன் குற்றமில்லை.

மறு வருஷம் மாசியில் அக்கா தன் பலகையில் இருந்தாள். எல்லா நாளும் ஒன்றுபோல இல்லை. சில காலையில் விரல் சண்டித்தனம் செய்யும். அன்றைக்குப் பள்ளத்துக்குப் பேப்பர் வெட்டுவாள், மத்தியானத்துக்குமேல் கம்பியைத் தொடுவாள். ஆனால் அந்தச் சீசனின் மிகப் பெரிய மோட்டாரை முதல் இழையிலிருந்து கடைசி முடிச்சு வரை அவள்தான் கட்டினாள். மெக்கர் முள் உச்சியில் போய் நின்றது. பாய் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கினார். அன்று சனிக்கிழமை. ஞாயிறு இனிப்பு இறங்காது என்று அக்கா அன்றைக்கே இரண்டு தின்றாள்.

அந்த மாதப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டு, ரத்தமும் ஈரலும் சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு முதல் நாள் செய்த மாதிரியே இரண்டு விரல்களை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அமுக்குங்க."

அக்கா மூடினாள். டாக்டரம்மாவின் புருவம் மேலே ஏறியது. உதட்டைக் கடித்தார். அப்புறம், "போதும், போதும், விடுங்க அம்மிணி!" என்று கையை இழுத்து உதறிக்கொண்டு சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் முழுசா அமுக்கலீங்க."