கண்ணுக்குத் தெரியாத கையும் நானும்

டியூசன் தொழிலில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது சுகம். தாய் தகப்பனுக்குப் பதில் சொல்லித்தான் தாவு தீர்ந்துவிடும். அதிலும் மெல்பேர்னில், எங்கள் சனத்துக்கு நடுவில், கணிதமும் கெமிஸ்ட்ரியும் அல்லாத ஒன்றைப் படிப்பிக்கப் புறப்பட்ட பாவிகள் யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கிழமை நாட்களில் டாண்டினோங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். சனிக்கிழமைகளில் நோபல் பார்க்கில் ஒரு டியூசன் நிலையத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளியல். என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிற இடம் இந்த நாட்டில் அது ஒன்றுதான். அதனால் நிலையத்தை நடத்தும் சிவா, "பிள்ளைகள் சேராட்டி இந்தத் தவணையோட வகுப்பை மூடுவம், மாஸ்டர்" என்றபோது அப்படி விட்டுவிடுவதில்லை என்று நின்றேன்.

நான் நம்பியது ஒருவரைத்தான். அவரவர் தம் நன்மையைப் பார்த்தாலே போதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை சந்தையை ஒழுங்காக வைத்திருக்கும் என்று எழுதிவிட்டுப் போன அந்தக் காலத்து ஸ்கொட்லாந்து அறிஞர். அவர் பெருமையைச் சொல்லியே ஆள் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

மாப்பிள்ளை விசாரணை

பக்கத்து ஊரான ரோவிலில் இருந்து ஒரு அன்ரி மகளுக்கு வகுப்பு விசாரிக்க வந்தா. நான் அறிஞரின் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். பிறக்க முன்பே தகப்பனை இழந்தவர், கலியாணம் கட்டாதவர், தாயோடேயே இருந்தவர், யோசனை வந்தால் இரவு உடுப்போடு தெருவில் மைல் கணக்கில் நடந்துவிடுவாராம் என்றெல்லாம் சொன்னேன். அன்ரி கண் வெட்டாமல் கேட்டா. பாதி வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"கலியாணமும் கட்டேல்லை, வீட்டையும் தாய்தான் பாத்தவ. ஒருநாளாவது மரக்கறி வாங்கப் போகாத மனிசனுக்குச் சந்தையைப் பற்றி என்ன தெரியும், மாஸ்டர்?"

சுங்கமும் கருவாடும்

அடுத்து வந்தவர் நகரத்தின் மறுகோடியான கிரெய்கிபர்னில் இருந்து, மகனுக்காக. தமிழ்நாட்டுக்காரர், ஐடி வேலை. வியாபாரத்துக்கு எல்லைகளைத் திறந்துவிடச் சொன்ன அறிஞர் கடைசியில் சுங்கத்தில் பெரிய அதிகாரியாகப் போனார் என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்மையில்தான் விமான நிலையத்தில் அவருடைய கருவாட்டைப் பறித்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

"இவரு இருந்திருந்தா விட்டிருப்பாருல்ல?" என்று ஆசையோடு கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சட்டத்தைப் படித்துப் பார்த்து, இறக்குமதி தடைசெய்த துணிகளைத் தன் அலுமாரியிலேயே கண்டு எரித்தவராம் அவர் என்று உண்மையை உளறிவிட்டேன்.

"சொந்தத் துணியவே எரிச்ச ஆளு என் கருவாட்டையா விடப்போறாரு? பையன் கெமிஸ்ட்ரியே படிக்கட்டும், சார்."

ஊசியும் ரோல்ஸும்

நிலையத்தின் ஒன்றுகூடலுக்குத் தாய்மார் குசினியில் ரோல்ஸ் செய்தார்கள். ஊசி செய்யும் வேலையைப் பலருக்குப் பிரித்தால் குவியலாக ஊசி வரும் என்பது அறிஞரின் புகழ்பெற்ற பாடம். விடுவேனா? ஒருவர் கறி வைக்க, ஒருவர் சுற்ற, ஒருவர் முட்டையில் தோய்க்க, ஒருவர் பொரிக்க என்று பிரித்துக் கொடுத்தேன். ரோல்ஸ் மலைபோல் குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பிட்ட ஒருவர், "அருமை, யார் செய்தது?" என்று கேட்கும்வரைதான். தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளைக் கெமிஸ்ட்ரிக்குச் சேர்த்துவிட்டிருந்த ரோவில் அன்ரிதான் வாயைத் திறந்தா.

"வேலையைப் பிரிச்சியள், சரி. இப்ப இது ஆருடைய கைப்பக்குவம் எண்டு சனத்துக்குச் சொல்லுறது?"

தெரியாத கை

தவணை முடியும்வரை புதிதாக ஒருவரும் சேரவில்லை. சிவா என் அறைக் கதவில் 'கெமிஸ்ட்ரி' என்று எழுதிய தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வருமாப் போல இருந்தது. கோபத்தைக் காட்டிச் சமாளித்தேன். அன்ரியோ, கெமிஸ்ட்ரி வாத்தியாரோ, யாரோ எனக்குக் குழி பறித்துவிட்டார்கள் என்றே பட்டது.

"சிவா, உண்மையைச் சொல்லும். இதில ஆரோ ஒராளின்ரை கை இருக்கு!" என்றேன்.

சிவா ஒட்டியதைத் தடவிச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார்.

"ஓம் மாஸ்டர், இருக்கு. அது கண்ணுக்குத் தெரியாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அந்தக் கை இருக்கிறதென்று ஊரெல்லாம் சாட்சி சொல்லித் திரிந்தவனை, வேறு ஆள் அகப்படாததுபோல, அது கழுத்தில் பிடித்து வெளியே விட்டது.